ரப்பியின் நகமும் விளைமீனும்

அரிப்பு என்ற மீனவக் கிராமத்தின் கரையில் காலை வெயில் ஈர வலைகளின் மேல் மினுங்குகிறது. "பதினைந்து வருசம் வேதம் ஓதி, யூதர்களின் குருவாய்ப் பட்டம் பெற்ற மாமேதை..." என்று மீனவர் சங்கத் தலைவர் மஹ்றூப் வரவேற்புரையை இழுக்கிறார். இரண்டு நாளாக பிஸ்கட்டில் காலம் தள்ளும் அந்த ரப்பியின் வயிறு குறுக்கே சத்தமிடுகிறது. விருந்தாளிக்கென்று மினக்கெட்டு, செதிலும் தோலும் நீக்கிய மீனை மீன் விற்கும் முஸ்பிரா நீட்டுகிறாள். அவர் முகம் வாடுகிறது. தோல் கிழியாமல் கழலும் செதிலைக் கண்ணால் காணாமல் எந்த மீனையும் அவர் மார்க்கப்படி உண்ணக்கூடாதாம்; அவரின் வாகனமோட்டி யதுசன் விளக்குகிறான். "எங்கட மீனையோ சந்தேகப்படுறார்?" என்று தலைவர் கொதிக்கிறார். "சும்மா இருங்கோ, மஹ்றூப் நானா. வெளியூரில கோழியை ஆர் அறுத்ததெண்டு கேக்காமத் தின்னுவீங்களோ?" என்ற முஸ்பிரா, கூடையிலிருந்து முழு விளைமீன் ஒன்றைத் தூக்கிக் கொடுக்கிறாள். மாமேதை மூக்கு முட்ட மீனைப் பிடித்து, நகத்தால் ஒரு செதிலை நெம்புகிறார். தோல் கிழியாமல் அது கழன்று வருகிறது. கரையே எட்டிப் பார்க்க, சம்மதம் சொல்லத் தனக்குத் தெரிந்த ஒரே தமிழ்ச் சொல்லை ரப்பி உரக்கச் சொல்கிறார்: "ஓம்!" சிரிப்பில் காகங்கள் பறக்கின்றன. பிறர் சட்டியில் சமைத்ததை உண்ணாத அவர், பையிலிருந்து சொந்தச் சட்டியை எடுத்து, தானே தீ மூட்டிப் பொரித்து, முதல் துண்டை அவசரமாக வாயில் போடுகிறார். பள்ளிவாசல் குருவை அழைப்பதுபோல், "மெல்ல, ஹஸ்ரத்! முள்ளு எங்க கிடக்கெண்டு வேதக் கிதாபில எழுதியிருக்காது," என்கிறாள் முஸ்பிரா.