இரண்டாவது கையெழுத்து

தம்பானூர் ஓட்டலில் பரோட்டா போடும் இசக்கியப்பனுக்குப் பக்கவாதம் வந்து வலக்கை விழுந்தது. பேச்சும் நினைவும் போயின. மூளைக்குப் போகும் குழாயை அடைத்திருக்கும் ரத்தக்கட்டியைக் கம்பிவலை விட்டு இழுக்கலாம், இழுக்கும்போது குழாய் கிழியவும் கூடும் என்றார் டாக்டர். மனைவி பேச்சித்தாய் கையெழுத்துப் போட்டாள். கட்டி வெளியே வந்துவிட்டது. ஆனால் குழாய் கிழிந்து, பகல் ஒன்றரைக்கு உயிர் பிரிந்தது.

"நான் ஒப்பு போட்டுல்லா கொன்னுட்டேன்" என்று அவள் சோறு இறங்காமல் கிடந்தாள்.

பதினாறு கழிந்ததும் ஆஸ்பத்திரிக் காகிதங்களை வாங்கப் போனாள். ஆபீஸில் இருந்த மலையாளத்துப் பெண் சிஜி சம்மதப் படிவத்தைப் புரட்டினாள்.

"சேச்சி, இதுல ரெண்டு ஒப்பு உண்டல்லோ."

பேச்சித்தாயின் பெயருக்குக் கீழே இசக்கியப்பன் என்று இருந்தது. மகளின் புரோகிரஸ் கார்டில் அவர் போடும் அதே சாய்ந்த எழுத்து. அவளுடையதற்குப் பக்கத்தில் காலை 10.40 என்று நேரம் இருந்தது. அவருடையதற்குப் பக்கத்தில், அதே சாய்ந்த எழுத்தில், பகல் 2.15.

"நேரம் தெற்றிப்போச்சு. திருத்தட்டே?"

பேச்சித்தாய் அந்த வரியை உள்ளங்கையால் மூடிக்கொண்டாள்.

"வேண்டாம் மோளே. அவரு போட்டது போட்டபடி இருக்கட்டும்."