செவப்பிக்கு அடைக்கலம்

"மாமா, போட்டோவுல உங்க மடியில உக்காந்திருக்கே ஒரு செவப்புக் கோழி, நாளைக்கு அதைத்தான் குழம்பு வைக்கணும்" என்றான் போனில் மைத்துனன் புருஷோத்தமன்.

அரவிந்தன் போனை வைத்துவிட்டுக் கோழிகளை எண்ணிப் பார்த்தான். சோழிங்கநல்லூர் கம்பெனி வேலையை உதறிவிட்டு, உத்திரமேரூர் பக்கம் வந்து கோழி வளர்த்த பிறகுதான் அவனுக்கு மனநிம்மதி கிடைத்தது. அதைத் தினமும் ஸ்டேட்டஸில் போட்டு மற்றவர்களின் நிம்மதியைக் கெடுத்துக்கொண்டிருந்தான். அதிலும் செவப்பி அவனுக்கு உயிர்.

"என் தம்பிக்கு ஒரு கோழி அடிக்க மாட்டீங்களா? வாராவாரம் கடையில வாங்கிச் சாப்பிடுறீங்கல்ல?" என்றாள் மனைவி கீர்த்தி.

"கடைக் கோழிக்குப் பேர் இல்லையே."

சாயந்தரம் ஐந்து கோழிகளையும் கூடையில் போட்டுப் பக்கத்து வீட்டுப் பாஞ்சாலியிடம் கொண்டுபோனான். விருந்தாளிக்குப் பயந்து கோழியை ஒளிக்கிறேன் என்று சொல்ல வெட்கமாக இருந்தது.

"நாளைக்கு மச்சான் வர்றார்க்கா. இதுங்களை இங்க விட்டுட்டுப் போறேன்."

"இதுல இன்னா சார் கீது, நிம்மதியா போ" என்றாள் பாஞ்சாலி.

மறுநாள் வந்திறங்கிய புருஷோத்தமனிடம், எல்லாக் கோழிகளையும் கீரி பிடித்துவிட்டதாக அரவிந்தன் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு சொன்னான். கீர்த்தி அவனை முறைத்துவிட்டு சாம்பாருக்குப் பருப்பு போட்டாள். தம்பி முன்னால் அவளுக்குத் தலைகுனிவாக இருந்தது.

மத்தியானம் பாஞ்சாலி ஒரு குண்டான் நிறையக் கோழிக்குழம்பு கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள். எவ்வளவு நல்ல மனசு என்று அரவிந்தன் நெகிழ்ந்துபோனான்.

"சுதந்திரமா மேய்ஞ்சு, சந்தோஷமா வாழ்ந்த கோழி மச்சான். அந்த ருசியே தனி" என்று எலும்பை உறிஞ்சியபடி மூன்றாவது முறையும் போட்டுக்கொண்டான்.

குண்டானை வாங்கிப்போகப் பாஞ்சாலி வந்தாள்.

"எங்களுக்காக உங்க கோழியை அடிச்சிட்டீங்களேக்கா" என்று உருகினான்.

"என்னுத இன்னாத்துக்கு சார் அடிக்கறேன்? அறுக்க மனசு வராதவங்க, விருந்தாளி வந்தா பக்கத்து வூட்லதான் கோழியக் கொண்டாந்து உடுவாங்க, எனுக்குத் தெரியாதா? செவப்புதான் நல்லா கொழுத்துக்கினு இருந்திச்சி. மீதி நாலும் கூடையில கீது, வந்து எடுத்துக்கினு போ."