தலை நிமிராத மாப்பிள்ளை

"ஒரே ஒரு தடவை நிமிர்ந்து பொண்ணைப் பார்த்துடுடா. அந்தப் பெரிய டாக்டர் இங்க வந்தா பார்க்கப் போறார்?" என்று காதோடு சொன்னாள் சொர்ணலதா.

"முடியாதும்மா," என்றான் பிரசாந்த், தன் முழங்கால்களைப் பார்த்தபடி.

சரஸ்வதிபுரத்தில் பெண் வீட்டு சோபா. போன வாரம்தான் அவனுக்கு வலது கண்ணில் ஆபரேஷன். விழித்திரை கழன்று வந்துவிட்டதாம். கண்ணுக்குள் கேஸ் அடைத்து அனுப்பியிருந்தார்கள். அந்தக் குமிழி திரையை அழுத்தி ஒட்டவைக்கும்வரை ராத்திரி பகல் தலை குனிந்தே இருக்க வேண்டும். நிமிர்ந்தால் ஒட்டாது. ஒட்டாவிட்டால் அந்தக் கண் அவ்வளவுதான்.

கண்ணில் கோளாறு என்றால் யார் பெண் கொடுப்பார்கள்? தள்ளிப்போடலாம் என்றால் ஆடி பிறந்துவிடும். அதனால் சொர்ணலதா மூச்சுவிடவில்லை. தரகர் தொட்டையன், "பொண்ணுக்கு ஒள்ளே கெலசா, நல்ல உத்தியோகம், நல்ல சம்பளம்" என்று சொன்னபோது, என்ன வேலை என்றுகூட அவள் கேட்கவில்லை. நாம் ஒன்று கேட்டால் அவர்கள் இரண்டு கேட்பார்கள்.

பெண்ணின் அப்பா இராமச்சந்திரன் உருகிப்போயிருந்தார்.

"வாசல்ல செருப்பைக் கழட்டக் குனிஞ்சவர், இன்னும் நிமிரலை. இந்தக் காலத்துல இப்படி ஒரு அடக்கமா!"

"சின்ன வயசுலேர்ந்தே அப்படித்தாங்க," என்றாள் சொர்ணலதா, கூசாமல்.

அனுப்ரியா வந்தாள். பிரசாந்துக்குத் தெரிந்தது அவள் பாதங்கள் மட்டும்தான். எல்லோருக்கும் டம்ளரில் காபி. அவனுக்கு மட்டும் பாதாம் பால். அதையும் ஸ்ட்ரா போட்டு, அவன் முகத்துக்கு நேர் கீழே குட்டை ஸ்டூலில் வைத்தாள்.

"மாப்பிள்ளைக்குத் தனி கவனிப்பு!" என்று சிரித்தார் இராமச்சந்திரன். "சரி, எங்களுக்குப் பிடிச்சுப் போச்சு. ஊட்டியில எங்க அண்ணன் படுத்த படுக்கையா இருக்கார். அவர் மாப்பிள்ளையைப் பார்த்துச் சரின்னு சொன்னாத்தான் எங்க குடும்பத்துல எதுவும் நடக்கும். கார் வாசல்லயே நிக்குது. இப்பவே கிளம்பினா குண்டலுபேட்டை வழியா மத்தியானத்துக்குள்ள போயிடலாம்."

"அதுக்கென்னங்க, போயிட்டு வந்தா ஆச்சு," என்றாள் சொர்ணலதா. சொன்ன பிறகுதான் அவளுக்கே உறைத்தது.

பிரசாந்துக்கு ஆஸ்பத்திரியில் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்கள். கேஸ் கரையும்வரை விமானம் கூடாது, மலை கூடாது. மேலே ஏற ஏற கேஸ் விரியும், பார்வை போய்விடும். ஊட்டிக்குப் போனால் கண் போச்சு. போகாவிட்டால் பெண் போச்சு.

"சார்... அது வந்து..." என்று தரையைப் பார்த்துச் சொல்ல ஆரம்பித்தான்.

"ஊட்டி வேண்டாம்ப்பா," என்றாள் அனுப்ரியா.

"ஏம்மா, பிடிக்கலையா?"

"ரொம்பப் பிடிச்சிருக்கு. ஆனா அவர் வலது கண்ணுக்குள்ள கேஸ் இருக்கு. மலை ஏறினா பார்வை போயிடும்."

சொர்ணலதாவின் கையிலிருந்த காபி புடவையில் சிந்தியது. இராமச்சந்திரன் மாப்பிள்ளையின் உச்சந்தலையையும் மகளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அது உனக்கு எப்படிம்மா தெரியும்?"

"பெரிய டாக்டர் பக்கத்துல நின்னு பார்த்தார், மாஸ்க் போட்டுக்கிட்டு ஆபரேஷன் பண்ணினது நான்தானேப்பா," என்றாள் டாக்டர் அனுப்ரியா. "சொன்ன பேச்சைக் கேட்டுத் தலை நிமிராம இருக்கிற பேஷண்டை இப்பத்தான் முதல்முதலா பார்க்கிறேன். இவரை விடுவேனா?"