இரண்டடி ஆழம்

மாலை வெயில் கோழிக் கொட்டிலின் தகரத்தில் சாய்ந்து கிடக்கிறது. வீட்டுச் சுவரிலிருந்து கொட்டில் வரை மேனுகா வெட்டிய பள்ளத்தில் பூநகரிக் காற்று செம்மண்ணைத் தூவுகிறது. அலவாங்குக் கம்பியால் தோண்டிய அவள் கைகளில் கொப்புளம். “முருங்கையில கட்டி வயரை இழுத்திருந்தா காலமையே முடிஞ்சிருக்கும், அக்கா,” என்கிறான் வயரிங் வேலைக்கு வந்த கோகுலன். அவள் பள்ளத்தில் கம்பை நட்டு, இரண்டடி இருக்கிறதா என்று குனிந்து பார்க்கிறாள். போன மாரி மழையில் அப்படி மரத்தில் கட்டிய வயர்தான் உரசித் தோல் போய், ஈரத் தகரத்தில் கரண்ட் இறங்கியது. கதவடியில் படுத்திருந்த ஆடு செத்தது. முட்டை எடுக்கப் போன மகள் நாலடி தள்ளி நின்றாள். “மேலால வேண்டாம், தம்பி. நிலத்துக்குள்ளாலதான் போகவேணும்.” கோகுலன் கேபிள் போட்ட தடித்த பைப்பைப் பள்ளத்தில் இறக்குகிறான்; எர்த் கம்பியை இறுக்குகிறான். கொட்டிலுக்குள் பல்ப் எரிகிறது, குஞ்சுகள் கீச்சிடுகின்றன. மண்ணைத் தள்ளப் போனவனை மேனுகா மறிக்கிறாள். “முதல்ல, கரண்ட் கசிஞ்சா தானா நிப்பாட்டுற ட்ரிப் சுவிட்சைச் சோதிச்சுக் காட்டுங்கோ.” அவன் சோதனைப் பொத்தானை அழுத்துகிறான். டக்கென்ற ஒலியோடு பல்ப் அணைகிறது. விளக்கு அணைந்ததைப் பார்த்து மேனுகா சிரிக்கிறாள். பிறகு மண்வெட்டியை எடுக்கிறாள்.