பவளம் துவைத்த வேட்டி

பவளம் வலது கண்ணை மூடினாள். வேட்டி வெள்ளை.

இடது கண்ணை மூடினாள். வேட்டி நீலம்.

அந்த வேட்டியைக் கட்டிக்கொண்டு நின்றவர் அவள் கணவர் தாமோதரன். உத்திரமேரூரில் கண்ணுக்குச் சொட்டு மருந்து வாங்கிக்கொண்டு, அப்போதுதான் டவுன் பஸ்ஸில் வந்து இறங்கியிருந்தார்.

கறுப்புக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு இன்னொரு தடவை பார்த்தாள். சந்தேகமே இல்லை. நல்ல அழுத்தமான நீலம்.

வலது கண்ணில் புரை எடுத்து மூன்று நாள் ஆகிறது. டாக்டரம்மா சொல்லித்தான் அனுப்பியிருந்தார். வயசானால் கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் மஞ்சளாகிவிடுமாம். வெளிச்சத்தில் இருக்கும் நீலத்தை உள்ளே விடாதாம். வெள்ளைகூட பழுப்பாகத்தான் தெரியுமாம். புது லென்ஸில் எல்லா நிறமும் பளிச்சென்று இருக்கும், பயப்படாதீர்கள் என்றார்.

பவளம் இப்போதுதான் பயந்தாள்.

சாலவாக்கத்தில் வெளுப்பு என்றால் பவளம்தான். அதில் அவளுக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. நாலு வருஷமாக வேட்டியெல்லாம் பழுப்படிக்கிற மாதிரி இருக்கவே, சொட்டு நீலத்தைக் கூட்டிக்கொண்டே போனாள். இரண்டு சொட்டு பத்தாகி, பத்து கால் பாட்டிலாகிவிட்டது.

ஆக, இந்த மனுஷர் நாலு வருஷமாக இந்தக் கோலத்தில்தான் கோயிலுக்கும் கல்யாணத்துக்கும் போய் வந்திருக்கிறார். தன்னால் அவரைப் பார்த்து ஊரே சிரித்திருக்குமே என்று நினைத்ததும் அவளுக்கு அழுகை முட்டியது.

“இன்னாயா இது, வேட்டி இப்டி நீலமா கீது! எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?”

“வெளுத்துகீதான்னு கேட்டுக்கினு ஆசையா என் மூஞ்சியப் பாப்ப. எப்டி சொல்றது?”

பவளம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். திருப்பிய பக்கத்துச் சுவரில் மகள் கீர்த்தியின் கல்யாணப் படம். இரண்டு வருஷத்துக்கு முன்னால் வாலாஜாபாத் மண்டபத்தில் எடுத்தது. கிட்டே போய் இடது கண்ணை மூடினாள்.

மாப்பிள்ளைக்கு மட்டும் வெள்ளைப் பட்டு வேட்டி. தாமோதரன் நீலம். மகன் ஜெகனும் நீலம். சரி, அதெல்லாம் அவள் துவைத்தது.

சம்பந்தியும் நீலம். சம்பந்தியின் தம்பிகள் மூன்று பேரும் நீலம். நால்வரும் சிரிப்பை அடக்கிக்கொண்டு விறைப்பாக நின்றார்கள். கல்யாணத்துக்கு முந்தின வாரம் வீட்டில் ஒரு முழு பாட்டில் சொட்டு நீலம் காணாமல் போனது அவளுக்கு ஞாபகம் வந்தது.

தாமோதரன் சொட்டு மருந்து அட்டையை மும்முரமாகப் படிக்க ஆரம்பித்தார்.

சம்பந்தி வீட்டு வேட்டியைப் பவளம் ஒரு நாளும் துவைத்ததில்லை.