தனிக் கோப்பை

"இனிமே அந்தக் கிராணிக்கு இந்த வீட்டுல கோப்பி கிடையாது. குடிக்கிறீங்களான்னு கேக்கவும் மாட்டேன். ஆமா!"

பாக்கியலட்சுமி டம்ளரை ணங்கென்று கீழே வைத்தாள். ஆறிப்போன கோப்பியில் ஆடை படிந்திருந்தது.

மருதமுத்து டம்ளரை எடுத்து ஓரமாக வைத்தான். முனிசிபாலிட்டி லோரி ஓட்டி எந்தப் பள்ளத்திலும் இறங்குகிறவன், பெண்டாட்டி கோபத்துக்கு மட்டும் ஒதுங்கி நிற்பான்.

கிராணி என்றால் தம்பிராஜா. யாழ்ப்பாணத்துக்காரர், நில அளவை ஆபீசில் குமாஸ்தா வேலை, தனி ஆள். டவுன் சினிமாக் கொட்டகையில் டிக்கெட் வரிசையில் நிற்கும்போது மருதமுத்துவுக்கும் அவருக்கும் பழக்கம். அழுகைப் படம் இரண்டு பேருக்கும் ஆகாது. கத்திச்சண்டை வேண்டும், பாட்டு வேண்டும். ரேடியோவில் பழைய பாட்டு வந்தால் இரண்டு பேரும் பேச்சை நிறுத்திவிடுவார்கள். தேங்காய்ப்பால் சோறான நாசி லெமாக்கில் மிளகாய்ச் சம்பல் தூக்கலாக இருக்க வேண்டும் என்பதில்கூட ஒற்றுமை.

ஞாயிறு பகல் ஆட்டம் முடிந்ததும் காஜா பெராங் பகுதியில் மருதமுத்து வீட்டுக்கு வருவார்கள். வாசலில் ரம்புத்தான் மரத்தடி பெஞ்சில் உட்கார்ந்து படத்தை அலசுவார்கள்.

"பாட்டு ஆறு நல்லாயிருந்தது. மிச்சம் மூண்டையும் வெட்டியிருக்கலாம்" என்பார் தம்பிராஜா.

"அந்த மூணுதான்யா படமே!" என்பான் மருதமுத்து.

பேச்சு ஓடும்போது பாக்கியம் கோப்பி கொண்டுவருவாள். கொட்டையைத் தானே வறுத்து, தானே இடித்துப் போடும் கோப்பி.

"வேண்டாம் தங்கச்சி. குடிச்சிட்டுத்தான் வந்தனான்."

ஒரு வாரம் இல்லை, இரண்டு வாரம் இல்லை. எட்டு மாதம்! வீட்டுக்குள் ஒரு நாள் கால் வைத்ததில்லை. ஒரு வாய் தண்ணீர் குடித்ததில்லை.

இன்றைக்கு அதற்கும் மேலே போய்விட்டது. இரண்டு பிள்ளைகளில் சின்னவள், மூன்று வயது மல்லிகா, ஓடிப்போய் அவர் மடியில் ஏறப் பார்த்தாள். "தள்ளிப் போ பிள்ளை" என்று மனிதர் சட்டென்று எழுந்தே நின்றுவிட்டார்.

"எம் பிள்ளை பட்டா ஒட்டிக்குமா? நாம ரப்பர் தோட்டத்துக் கூட்டம், அவரு பெரிய சாதி. அதானே?"

"அப்படிப்பட்ட ஆளா தெரியலையே பாக்கியம்..."

"பின்ன எப்படிப்பட்ட ஆளு? மெர்டேக்கா வரப்போகுது, சுதந்திரம் வந்தா எல்லாரும் சமம்னு ஊரெல்லாம் கூட்டம் போடுறாங்க. நம்ம வாசல்ல வந்து ஒருத்தர் தீட்டுப் பாக்குறாரு!"

பாக்கியத்தின் அப்பா ஊரில் டீக்கடைக்கு வெளியே நின்று கொட்டாங்குச்சியில் டீ குடித்தவர். மலாயாவுக்குக் கப்பலேறியதே அதனால்தான் என்பார்.

செவ்வாய்க்கிழமை பாக்கியம் மீன் வாங்க டவுன் மார்க்கெட்டுக்குப் போனாள். எதிர்ச்சாரியில் சீனன் ஆ செங்கின் கோப்பிக் கடை. உள்ளே தம்பிராஜா! ஆவி பறக்கும் கோப்பியை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டிருந்தார்.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சீனன் கடையில் இறங்குகிற கோப்பி என் வீட்டில் இறங்காதா?

இன்று நேருக்கு நேர் கேட்டுவிடுவது என்று சாலையைக் கடந்தாள். அதற்குள் அவர் சைக்கிளில் ஏறிப் போய்விட்டார்.

அவள் கண்ணில் பட்டது அந்தக் கோப்பை. மற்ற மேசைகளில் எல்லாம் பூப்போட்ட பீங்கான் கோப்பை. அவர் குடித்தது நீல எனாமல் கோப்பை. ஆ செங் அதை மட்டும் தனியாக எடுத்து, கொதிக்கிற தண்ணீரை ஊற்றிக் கழுவி, சுவரில் தனி ஆணியில் மாட்டினான்.

இங்கேயுமா! வந்த இடத்திலும் தனிக் கோப்பையா!

"ஏன், அந்தக் கிராணி ஊரார் வாய் வெச்ச கோப்பையில குடிக்க மாட்டாரோ?" என்று மலாயில் வெடித்தாள்.

ஆ செங் அவளை ஏற இறங்கப் பார்த்தான். இதற்கு முன் பார்த்திராத முகம்.

"தப்பாப் பேசாதே அம்மா. அவன் வாய் வெச்சதுல ஊரார் குடிக்கக் கூடாதுன்னு அவனே வாங்கிக் கொடுத்த கோப்பை அது."

"என்ன சொல்றே?"

அவன் குரலைத் தாழ்த்தினான். நெஞ்சைத் தொட்டுக் காட்டினான்.

"பாத்தோக் கெரிங். போன வருஷம் ஆறு மாசம் ஆஸ்பத்திரியில கிடந்தான். இப்போ குணமாயிடுச்சுன்னு டாக்டரே சொல்லிட்டாரு. இவனுக்குத்தான் பயம் விடலை. சின்னப் பிள்ளையைக் கண்டா பத்தடி தள்ளிப் போயிடுவான்."

சயரோகம். பாக்கியத்தின் கையிலிருந்த மீன் கூடை கனத்தது. பெஞ்சில் மெல்ல உட்கார்ந்தாள்.

"யாருகிட்டயும் சொல்லலையா அவரு?"

"சொன்னா யாரு பக்கத்துல உக்காந்து படம் பாப்பாங்க? ஒரே ஒரு கூட்டாளி இருக்கானாம். அவன் வீட்டுக்கு ஞாயித்துக்கிழமை போவானாம். அந்த வீட்டுக் கோப்பி வாசனை இருக்கே, அதைப் பத்தி வாரா வாரம் என்கிட்ட புலம்பல்தான். 'ஒரு வாய் குடிக்க மாட்டமான்னு இருக்கு ஆ செங், ஆனா அங்க ரெண்டு பிள்ளைங்க இருக்கே'ன்னு. என் கோப்பியைக் குடிச்சிக்கிட்டே அந்தக் கோப்பியைப் புகழுறான், பாத்துக்கயேன்!"

ஆ செங் சிரித்துக்கொண்டே மேசையைத் துடைத்தான்.

"காஜா பெராங்லதான் வீடாம். அப்படிக் கோப்பி போடுற அம்மா யாரு, உனக்குத் தெரியுமா?"