பேய்க்குப் போட்ட மேளம்

“என்ன, எங்கடை கலியாண மேளத்தைப் பேய்க்குப் போடக் குடுத்தனீரோ?”

கோபாலசிங்கம் போட்ட சத்தத்தில் ரெலிபோனைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்தாள் சிவமலர்.

“கத்தாதேங்கோ. சிஞ்ஞோரா பக்கத்து அறையிலைதான் நிக்கிறா.”

சிவமலர் இத்தாலியின் பலெர்மோ நகரில், கால்சாப் பகுதியிலுள்ள பழைய மாளிகை ஒன்றில், சிஞ்ஞோரா என்று அவள் கூப்பிடுகிற எசமானியம்மாவிடம் வீட்டுவேலை செய்கிறாள். அவள் கணவன் கோபாலசிங்கம் நாலு தெரு தள்ளி ஒரு ரெஸ்ரோறன்ற் குசினியில் கணவாய் மீன் துப்புரவாக்குகிறான்.

அது 1998ஆம் ஆண்டு. அமெரிக்கா மாதிரி ஒக்ரோபர் கடைசியில் பேய் வேடம் போட்டு ஹலோவீன் கொண்டாடுகிற பழக்கம் அங்குள்ள பணக்கார வீடுகளுக்கும் தொற்றியிருந்தது. சிஞ்ஞோராவும் முப்பது பேரை அழைத்துவிட்டார். எலும்புக்கூட்டு உடுப்பு, சூனியக்காரித் தொப்பி எல்லாம் தயார். பயங்கரமான மியூசிக் மட்டும் அகப்படவில்லை.

மூன்று நாளாகக் கசற் கசற்றாகப் போட்டுப் பார்த்தார்.

ஓநாய் ஊளையிட்டது. சிஞ்ஞோரா கொட்டாவி விட்டார்.

கதவு கிறீச்சிட்டது. “எங்கடை கதவு இதைவிட நல்லாக் கத்தும்” என்றார்.

ஒரு பெண் வீரிட்டு அலறினாள். “இவவுக்குப் பல்லுக்கொதி போலை.”

இன்று காலை சிவமலர் குசினியில் ஸ்திரிக்கைப் பெட்டியால் உடுப்பு மினுக்கியபடி தன் கலியாணக் கசற்றைப் போட்டாள். தாலி கட்டுகிற இடம் வந்தது. நாதஸ்வரம் உச்சத்துக்கு ஏற, தவில் இடியாய் விழுந்தது.

சிஞ்ஞோரா ஓடி வந்தார். கை மயிரெல்லாம் குத்திட்டு நின்றது.

“சிவா! என்ன இது? எனக்கு நெஞ்சு ஒருக்கா நிண்டு போச்சு!”

“இது… என்ரை கலியாணத்திலை…”

“ஐயோ பாவம்! ஆனா எனக்கு இதுதான் வேணும். நாளைக்கு ஒரு நாளைக்குத் தா.”

சிவமலரால் மாட்டேன் என்று சொல்ல முடியவில்லை. அதைத்தான் இப்போது ரெலிபோனில் விளங்கப்படுத்திக்கொண்டிருந்தாள்.

“இஞ்சேருங்கோ, நாங்கள் இந்த நாட்டிலை இருக்கிறதுக்கு வாற மாதம் பெர்மெஸ்ஸோ புதுப்பிக்கோணும். அதுக்கு அவதான் கையெழுத்து வைக்கோணும்.”

“பெர்மெஸ்ஸோ போனாப் போகட்டும்! அது தாலி கட்டின மேளம்!”

அடுத்த நாள் பொழுதுபடுகிற நேரம், கெட்டிமேளம் நாலு தெருவுக்குக் கேட்டது. கோபாலசிங்கம் குசினியில் நின்ற கோலத்திலேயே ஓடினான். ஏப்ரன், முகம் எல்லாம் கணவாய் மை. கையில் மீன் வெட்டுகிற கத்தி. அதை வைத்துவிட்டு வர மறந்துபோனான்.

உள்ளே எலும்புக்கூடுகள் கெட்டிமேளத்துக்கு ஆடிக்கொண்டிருந்தன. இவனைக் கண்டதும் ஆட்டத்தை விட்டுவிட்டுக் கை தட்டின.

“பிராவோ! முதற்பரிசு இவருக்குத்தான்!” என்றது ஒரு எலும்புக்கூடு.

“இது பேய் மியூசிக் இல்லை! கலியாண மியூசிக்! என்ரை கலியாணம்!” என்று தனக்குத் தெரிந்த இத்தாலியனில் கத்தினான் கோபாலசிங்கம்.

கைதட்டல் இரண்டு மடங்கானது.

சிஞ்ஞோரா மட்டும் சிரிக்கவில்லை. சூனியக்காரித் தொப்பியைக் கழற்றினார். மியூசிக்கை நிற்பாட்டிவிட்டுக் கசற்றைக் கொண்டுவந்து நீட்டினார்.

“சிஞ்ஞோர் கோபால், என்னை மன்னியுங்கோ. என்ன மியூசிக் எண்டு வடிவாய்க் கேக்காமல் போட்டது என்ரை பிழை.”

குசினி வாசலில் நின்ற சிவமலருக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. வேலையும் போகவில்லை. அடுத்த கிழமையே பெர்மெஸ்ஸோப் பேப்பரில் கையெழுத்தும் விழுந்தது.

கோபாலசிங்கத்தைத்தான் பிடிக்க முடியவில்லை. காண்கிற தமிழ்ச் சனத்துக்கெல்லாம் இதே கதை.

“மற்றச் சனத்தின்ரை மியூசிக்கை எடுக்கேக்கை, அது என்னத்துக்கு வாசிக்கிறது எண்டு விசாரிக்கோணும். அதுதான் மரியாதை. நான் நேரை போய்ப் படிப்பிச்சனான்!”

“நீங்கள் கத்தியோடை வந்தும் அவ பொலிசைக் கூப்பிடேல்லை. அதையும் ஒருக்காச் சொல்லுங்கோவன்” என்றாள் சிவமலர்.

அது அவன் காதில் விழவில்லை.

நவம்பர் கடைசியில், வயதுக்கு வந்திருந்த அவர்களின் மகள் நிரோசினியின் சாமத்தியவீடு வந்தது. மண்டபம் எடுத்து, இருநூறு பேருக்குச் சொல்லியிருந்தார்கள். சிஞ்ஞோராவும் அவர் கணவரும் முன்வரிசையில் இருந்தார்கள்.

“பிள்ளை வாறா!” என்று ஆரோ சொல்ல, கோபாலசிங்கம் ஒரு கசற்றைப் போட்டான். வுச்சீரியாச் சந்தையில் கேட்டுப் பார்த்து, பிடித்துப்போய் அவனே வாங்கிய இத்தாலியன் பாண்ட் வாத்தியம்.

பெரிய ட்றம் மெதுவாய் முழங்கியது. ட்றம்பெற்றுகள் நீளமாய் இழுத்தன. முன்னால் தட்டு ஏந்திய சிறுமிகள், பின்னால் பட்டுச்சேலையில் நிரோசினி. தாளத்துக்கு ஏற்ப ஒவ்வொரு அடியாக எடுத்து வைத்து வந்தார்கள்.

சிஞ்ஞோரா திடுக்கிட்டு எழும்பினார். கை தானாக நெற்றிக்குப் போய்ச் சிலுவை போட்டது. அவர் கணவரும் எழும்பி, தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டு வாசலை எட்டிப் பார்த்தார்.

“இது சவ ஊர்வலத்துக்கு வாசிக்கிறதெல்லே! ஆர் செத்தது? பெட்டி எங்கை வருது?” என்று மனைவியின் காதுக்குள் கேட்டார்.

சிஞ்ஞோரா அவர் காலை ஓங்கி மிதித்தார்.

அதற்குள் கோபாலசிங்கம் வேட்டியைத் தூக்கிப் பிடித்தபடி ஓடி வந்தான். முகமெல்லாம் பூரிப்பு.

“எப்பிடி சிஞ்ஞோரா மியூசிக்? உங்கடை நாட்டு மியூசிக். நானே தெரிஞ்செடுத்தனான்!”

சிஞ்ஞோரா மேடையைப் பார்த்தார். நிரோசினி வெட்கப்பட்டுச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

“நல்லாத் தெரிஞ்செடுத்திருக்கிறீங்கள், சிஞ்ஞோர் கோபால். இந்த மியூசிக்கோடை ஆர் வந்தாலும் எங்கடை ஊரிலை எல்லாரும் எழும்பி நிண்டுதான் மரியாதை செய்யிறது.”